சத்தம் கேட்டால் ஒன்று

கனிஷ்கா மூன்று மார்க்கில் ஃபெயில் ஆனாள்.

பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை. அவளுக்கு வயது இருபத்தேழு. கல்யாணமாகி மூன்றாவது வருடம். தாமரைக்கேணி வாரியக் குடியிருப்பு, சி பிளாக், இரண்டாவது மாடியில் ஒன்பதாம் எண் வீடு. எட்டாம் எண்ணில் நான், குணவதி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதை ஒட்டித்தான் என் தையல் மெஷின். ஃபால்ஸ் அடிக்க, கொக்கி வைக்க, இறுகிப்போன ஜாக்கெட்டைப் பிரித்துவிட என்று பிளாக்கில் முக்கால்வாசிப் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள். துணி கொடுக்க வருகிறவர்கள் கூடவே ஒரு சேதியும் கொடுப்பார்கள். துணி வாங்கிப் போக வருகிறவர்களை நானும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வம்புக்காரி என்று என்னைச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிற எல்லோரும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான்.

பரீட்சை வைத்தது எங்கள் மகளிர் காவல் நிலையத்து மெஷின். அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு தூய தமிழ்ப் பெயர் வைத்து வாசலில் பலகையும் மாட்டியிருந்தது. நாங்கள் மார்க் மெஷின் என்போம். முன்பெல்லாம் அடிபட்ட பெண் ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேர அறிவுரை கிடைக்கும். பிறகு புருஷனை வரவழைத்து இரண்டு அதட்டல், இருவரிடமும் கையெழுத்து, 'சமாதானமாகப் போய்விட்டனர்' என்று ஒரு வரி. பத்திரிகைகளில் கிழித்தார்கள். கோர்ட்டில் திட்டினார்கள். மனிதர்கள் கையில் விட்டால்தானே இந்தக் கூத்து என்று மெஷினைக் கொண்டுவந்தார்கள்.

புகார் கொடுக்கிற பெண் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேச வேண்டும். மெஷின் அவளுடைய குரலைக் கேட்கும், காயத்தைப் பார்க்கும், அக்கம்பக்கத்தாருக்கு போன் போட்டு விசாரிக்கும். பிறகு அவள் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று நூற்றுக்கு மார்க் போடும். அறுபது வந்தால் பாஸ். எஃப்.ஐ.ஆர். தானாகப் பதிவாகிவிடும், கவுன்சிலரோ இன்ஸ்பெக்டரோ குறுக்கே கை வைக்க முடியாது, ஜீப் அந்த நிமிடமே கிளம்பும். அறுபதுக்குக் கீழே என்றால் 'கண்காணிப்பு' என்று ஒரு சீட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மெஷின் வந்த ஒரே மாதத்தில் எங்கள் குடியிருப்பு டியூஷன் சென்டர் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது.

"டி பிளாக் காரி எழுபத்தொண்ணு வாங்கிட்டாளாம்."

"அவளா? பார்த்தா அவ்ளோ தெரியலையே. நல்லா பேசியிருப்பா."

இப்படித்தான். நானும் பேசினேன். இல்லை, நான்தான் முதலில் பேசினேன்.

கனிஷ்கா மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கனிஷ்கன் என்பது ஏதோ ஒரு ராஜாவின் பெயர் என்று சரித்திரப் புத்தகத்தில் படித்த ஞாபகம். அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் படிக்கவில்லை போலும். ஒல்லியான பெண். படியேறும்போதுகூட யார் வழியையோ அடைத்துக்கொண்டிருப்பவள்போல ஒதுங்கி ஒதுங்கி ஏறுவாள். புருஷன் சரண்ராஜ் லிஃப்ட் மெக்கானிக். சி பிளாக்கில் லிஃப்ட் கிடையாது, அதனால் எங்களுக்கு அவனே லிஃப்ட். தண்ணீர் கேனைத் தோளில் தூக்கி எந்த மாடிக்கும் ஏற்றிக் கொடுப்பான். என் மிக்ஸியை இரண்டு தடவை பிரித்துச் சரிசெய்தான். "அக்கா, வேற எதுனா இருக்கா?" என்று வேறு கேட்பான். இப்படி ஒரு பையன்மீது புகார் என்றால் யாருக்குத்தான் வாய் வரும்?

ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். மாதத்துக்கு இரண்டு தடவை, பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, முதலில் ஒரு தட்டு விழும். எவர்சில்வர் தட்டு. தரையில் விழுந்து சுழன்று சுழன்று அடங்கும். அதற்கு நடுவே மொத்து மொத்தென்று வேறு சத்தம். அப்புறம் குழாய் திறக்கிற சத்தம். அழுவது வெளியே கேட்கக்கூடாது என்று அந்தப் பெண் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தட்டு, பிறகு குழாய். குழாய்ச் சத்தம் வந்துவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி: சரி, முடிந்தது. மெஷின் பெடலை மிதிக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஆனி மாதம் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். அன்றைக்கே எனக்கு போன் வந்தது. இனிமையான பெண் குரல், அட்சர சுத்தமான தமிழ். மெஷினை எங்கோ ஓர் ஊரில் செய்து, அப்புறம் தமிழ் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"பக்கத்து வீட்டில் வசிக்கும் சரண்ராஜ் எப்படிப்பட்டவர்?"

"நல்ல பையன்மா. எல்லாருக்கும் உதவி பண்ணுவான். அப்பப்ப கை நீட்டுவான், அவ்ளோதான்."

"கை நீட்டுவார். பதிவு செய்யப்பட்டது. நன்றி."

மாலையில் அவள் படியேறி வந்தபோது ஜன்னலில் நின்றிருந்தேன். தற்செயலாகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னம்மா, எத்தனை?"

"அம்பத்தேழு, அக்கா."

"அடடா. மூணுதானே? அடுத்த தடவை வந்துடும், விடு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சாவியைத் துளையில் விட்டுத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அடுத்த தடவை அறுபது வாங்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அவளுக்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்பது உள்ளே வந்து காபி கலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தது, காபியைக் குடித்தேன்.

கண்காணிப்பு என்றால் இதுதான்: தினம் நான்கு மணிக்கு மெஷின் போன் செய்யும். ஃபெயிலான பெண்ணின் வீட்டுக்குப் பக்கம், எதிர், மேல், கீழ் என்று நாலு வீடுகளுக்கு. கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கம் நான். எதிரில் ஜமீலா பானு. பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். மேலே வரதன் சார்; கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், காதில் மெஷின் வைத்திருக்கிறார்.

"பக்கத்து வீட்டில் இன்று சத்தம் கேட்டதா? கேட்டது என்றால் ஒன்றை அழுத்தவும். கேட்கவில்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

முதல் நாள் நான் ஒன்றைத்தான் அழுத்தினேன். உடனே ஏழு கேள்வி. என்ன சத்தம், எத்தனை முறை, யார் குரல். கடைசியில், "தேவைப்பட்டால் தங்கள் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படும்" என்று ஓர் அறிவிப்பு. மறுநாளிலிருந்து இரண்டு. ஜமீலாவும் இரண்டு. வரதன் சார் மதியம் சாப்பிட்டுக் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பவர், அவருக்கு எப்போதும் இரண்டு.

அதற்காக நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொக்கி வைக்க வந்தவளிடம் சொன்னேன், ஓரம் அடிக்க வந்தவளிடம் சொன்னேன், தட்டு எப்படிச் சுழன்றது என்று கையால் சுழற்றிக்கூடக் காட்டினேன். சி பிளாக்கில் அந்தத் தட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னேன். கேட்டுக் குறித்துக்கொள்கிற ஒரே இடத்தில் மட்டும் இரண்டை அழுத்தினேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றரை மணி இருக்கும், தட்டு விழுந்தது. ஒரு பச்சை ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். தட்டு சுழன்றது, அடங்கியது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு குழாய்க்காகக் காத்திருந்தேன். மூன்றே முக்காலுக்குச் சரண் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினான். கீழே வரதன் சாரின் தண்ணீர் கேன் வந்து இறங்கியிருந்தது. அதைத் தோளில் தூக்கி மூன்றாம் மாடிவரை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். போகும்போது ஜன்னலில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

குழாய் திறக்கவில்லை.

நான்கு மணிக்கு போன் அடித்தது. "பக்கத்து வீட்டில் இன்று சத்தம் கேட்டதா?" காது குழாய்க்காகவே காத்திருந்தது. விரல் இரண்டை அழுத்தியது.

ஆறு மணிக்கு அவன் வந்து கத்தினான். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், பின்மண்டையில் அடி. தான் இப்போதுதான் வேலையிலிருந்து வருவதாகச் சொன்னான். தரை காய்ந்திருந்தது. நான் பார்த்தேன். எதையும் பார்க்காமல் விடுகிற கண்ணா எனக்கு?

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். விசாரித்தார். மேசையில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

"நாலு மணிக்கு ரெண்டை அமுக்கினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"மூணு பேருமே ரெண்டு. அப்ப வீட்டுல சத்தமில்ல, சண்டையில்ல. வேற ஏதாவது சொல்லணுமா?"

தாளின் அடியில் சிவப்பு எழுத்தில் இருந்தது: பொய்த் தகவல் அளிக்கும் அயலாருக்கு ஆறு மாதச் சிறை. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். "இல்ல சார்," என்றேன். வரதன் சாரையும் கேட்டார்கள். தண்ணீர் கேன் எத்தனை மணிக்கு வந்தது என்று ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். தவறி விழுந்து மரணம் என்று மூடினார்கள். சரண் வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். பூட்டின வீட்டில் தண்ணீர் சொட்டக்கூடாதென்று மொட்டைமாடியில் ஒன்பதாம் எண்ணுக்குப் போகிற வால்வை வரதன் சாரே மூடினார்.

காரியம் முடியும்வரை போனை அணைத்தே வைத்திருந்தேன். முடிந்த மறுநாள், சரியாக நான்கு மணி. போன் அடித்தது.

"பக்கத்து வீட்டில் இன்று சத்தம் கேட்டதா?"

கையில் இருந்த ஊசி எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அந்த வாரம் லூர்துமேரி ஜாக்கெட் வாங்க வந்தாள். ஸ்டேஷனில் ஏட்டம்மா, எனக்குப் பத்து வருட வாடிக்கை. நிலையத்து ரகசியம் பாதி அவளுக்கு நான் அளவெடுக்கும்போது வந்து சேர்வதுதான்.

"செத்துப்போன பொண்ணுக்கு இன்னும் போன் வருதே லூர்து, உங்க மெஷினுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? சாவு வேற ரிஜிஸ்டர், புகார் வேற ரிஜிஸ்டர். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, சம்பந்தி வீடு மாதிரி."

"யாராவது மூடலாமே?"

"புகார் கொடுத்தவ நேர்ல வந்து, இப்ப எனக்குப் பிரச்சினை இல்லன்னு அவ குரல்ல சொன்னாத்தான் மூடும். ஆம்பளைங்க மிரட்டி மூடிடக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க." கண்ணாடியில் முதுகைப் பார்த்துக்கொண்டாள். "இங்க கொஞ்சம் பிடிக்குது பாரு."

"அவ மார்க் இப்ப எத்தனை?"

லூர்து போனில் தேடினாள். "நாப்பத்திரெண்டு. தினம் ரெண்டு, ரெண்டுன்னு அமுக்கி நீங்களே இறக்கி விட்டுட்டீங்க. இனிமே இதுக்குக் கீழ இறங்காது." பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். "இதைப் பாரு கூத்தை. முதல்ல அறுபது வந்திருக்கு. அப்புறம் உன் வாக்குமூலத்துல மூணு குறைச்சிருக்கு."

படித்தேன். 'அயலார் கூற்று: கணவர் பிறருக்குக் கை நீட்டி உதவும் இயல்பினர். அபாயக் குறைப்பு: மூன்று.'

"நான் அப்படிச் சொல்லல! கை நீட்டுவான்னா அடிப்பான்னுதானே அர்த்தம்? இதுகூடத் தெரியாதா அந்தச் சனியனுக்கு?"

"அது முப்பது வருஷத்து ஃபைலைப் படிச்சுக் கத்துக்கிச்சு. அதுல எவனும் அடிச்சதாவே இல்ல. 'வாய்த்தகராறு'. 'கருத்து வேறுபாடு'. 'சமாதானமாகப் போய்விட்டனர்'." லூர்து ஜாக்கெட்டைக் கழற்றி மடித்தாள். "எழுதினது யாரு? நான்தான். என் கையெழுத்துல மட்டும் ஆயிரத்துச் சொச்சம் இருக்கும். நாங்க அடிச்சான்னு எழுதல, நீ அடிச்சான்னு சொல்லல. அது என்ன பண்ணும் பாவம்."

அவள் போன பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடிப்பான். ஐந்து எழுத்து. வாயில் வந்திருந்தால் அவள் பாஸ்.

மறுநாள் மூன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தது.

பூட்டின வீட்டில். சுழன்றது, சுழன்றது, அடங்கியது. நான் குழாய்க்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான்கு மணிக்கு போன். இரண்டை அழுத்தினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றரைக்கு மட்டும் வருகிற, தட்டு சுழற்றத் தெரிந்த எலி. இந்த ஒரு சேதியை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. என் வாயில் அடங்கிய முதல் சேதி அதுதான்.

இப்படி மார்கழி வந்துவிட்டது. ஒரு நாள் மதியம் ஒரு அம்மாள் படியேறி வந்தாள். பட்டுப்புடவை இல்லை, ஆனால் கொசுவத்தில் ஒரு கவனம். பார்த்ததுமே தெரிந்தது, மாப்பிள்ளை விசாரிக்க வந்தவள்.

"ஒம்போதாம் நம்பர் சரண்ராஜ் பத்திக் கேக்கலாம்னு. எம் பொண்ணுக்குப் பார்த்திருக்கோம். மொத சம்சாரம் வழுக்கி விழுந்து போயிட்டதா சொன்னாங்க. நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களாமே. பையன் எப்படிங்க?"

அதே கேள்வி. மணி மூன்று ஐம்பது. தட்டு அடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நாக்கு பழக்க தோஷத்தில் 'நல்ல பையன்' என்று கிளம்பியது. பிடித்து நிறுத்தினேன்.

"அடிப்பான்," என்றேன்.

அந்த அம்மாள் முகம் மாறியது. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. ஆனால் அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "கோவக்காரர்னு சொல்றீங்க," என்றாள்.

"கோவம் இல்லம்மா. அடிப்பான். தட்டு பறக்கும்."

"ஆம்பளைங்களுக்குக் கோவம் இருக்கறதுதானே. எம் பொண்ணு பொறுமைசாலி, அட்ஜஸ்ட் பண்ணிக்குவா. மண்டபம் வேற சொல்லியாச்சு. இன்னும் இருபத்தோரு நாள்." எழுந்து நின்று என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. "எல்லாருக்கும் உதவி பண்ற பையன்னு சொன்னாங்களே?"

"பண்ணுவான்," என்றேன். அதுவும் உண்மைதானே.

நான்கு மணி. போன் அடித்தது. "பக்கத்து வீட்டில் இன்று சத்தம் கேட்டதா?" அந்த அம்மாள் படியிறங்கும் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒன்றை அழுத்தினேன். ஏழு கேள்வி. ஏழுக்கும் சொன்னேன். என்ன சத்தம்? தட்டு. அப்புறம்? அடி. கை நீட்டுகிற சத்தமில்லை, அடி. அப்புறம்? குழாய் திறக்கவில்லை.

போனை வைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜமீலா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் கேக்குதாக்கா?" என்றாள். "நான் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். பிள்ளைங்களுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கறப்ப சரியா அந்தத் தட்டு விழுது. பிள்ளைங்க காதுல விழல. எனக்கு மட்டும் விழுது."

இருவரும் மாடியேறினோம். வரதன் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது மெஷின் மேசைமேல் இருந்தது. நாங்கள் பேசுவது கேட்கட்டும் என்று எடுத்து மாட்டிக்கொண்டார். தட்டைப் பற்றிச் சொன்னோம்.

"மெஷினைக் கழட்டி வச்சாத்தான்மா எனக்கு அது கேக்குது," என்றார். "மாட்டினா நின்னுடுது."

அறையின் மூலையில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது, சீல் உடைக்காமல். ஆவணி மாதத்துக் கேன். அதிலிருந்து ஒரு டம்ளர்கூட அவர் குடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"சார், நாப்பத்திரெண்டுல இருக்கு. அறுபது ஆக்க முடியுமா?" என்றேன்.

முப்பத்துநான்கு வருடம் கோர்ட்டில் இருந்த மனிதர் மெல்ல விழித்துக்கொண்டார். "மூணு வீடும் ஒரே நாள்ல ஒண்ணை அமுக்கினா ஒரு மார்க் ஏறும். பதினெட்டு நாள். ஏறிட்டா எஃப்.ஐ.ஆர். புகார் கொடுத்த தேதியிலயே பதிவாகும். அப்ப அவ செத்தது, வழக்கு இருக்கறப்ப புகார்தாரர் செத்தது. மறுபடி எடுத்தே ஆகணும். போஸ்ட்மார்ட்டம் போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கும்."

"பொய்த் தகவல்னு உள்ள போட்டுட்டா?" இது ஜமீலா. "டியூஷனுக்கு ஒரு பிள்ளை வராது சார்."

"கேள்வியைக் கவனிம்மா. 'சத்தம் நடந்ததா'ன்னு கேக்கல. 'இன்று சத்தம் கேட்டதா'ன்னு கேக்குது. உனக்குக் கேக்குதா, கேக்கலையா?"

"கேக்குது."

"அப்ப என்ன பொய்?" என்றவர் உடனே தணிந்த குரலில் சொன்னார்: "ஒரு சிக்கல் இருக்கு. ஜீப் வந்ததும் வாசல்ல நின்னு புகார்தாரர் பேரை மூணு தடவை கூப்பிடணும், கோர்ட்டுல டவாலி கூப்பிடற மாதிரி. ஆள் இல்லன்னு குறிச்சா அந்த இடத்துலயே தள்ளுபடி."

அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. யோசித்தால் பயமாக இருந்தது.

பதினெட்டு நாள் என்பது சொல்லச் சுலபம். பன்னிரண்டாம் நாள் ஜமீலாவின் தங்கைக்குப் பிரசவம்; ஆஸ்பத்திரியில் போனை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள், இரண்டு நாள் போயிற்று. பதினைந்தாம் நாள் சரண் வந்துவிட்டான், புதுப்பெண் வருவதற்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க. வாசலில் பார்த்ததும், "அக்கா, நல்லாருக்கீங்களா? மிக்ஸி ஓடுதா?" என்றான். ஓடுது என்றேன். கீழே இருந்து பக்கெட்டில் தண்ணீர் தூக்கி வந்துதான் சுண்ணாம்பு கரைத்தான். வால்வைத் திறக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை, வரதன் சாரும் திறக்கவில்லை. மூன்றரைக்குத் தட்டு விழும்போது அவன் உள்ளேதான் இருந்தான். பிரஷ் ஓடும் சத்தம் ஒரு கணம் நிற்கும். பிறகு முன்னைவிட வேகமாக ஓடும்.

இருபதாம் நாள். மறுநாள் கல்யாணம். தட்டு விழுந்தது. நான்கு மணிக்கு ஒன்றை அழுத்தினேன். ஏழு கேள்விக்கும் சொல்லி முடித்தேன். எப்போதும் 'நன்றி' என்று வைத்துவிடுகிற குரல் அன்றைக்கு வைக்கவில்லை.

"புகார்தாரர் கனிஷ்காவின் உயிருக்கு ஆபத்து இருப்பது உறுதி செய்யப்பட்டது. மதிப்பெண் அறுபது. காவல் வாகனம் புறப்பட்டுவிட்டது. எட்டு நிமிடத்தில் வந்து சேரும். அதுவரை அவரைத் தைரியமாக இருக்கச் சொல்லவும். தாங்கள் அருகில் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியப்படுத்தவும்."

இப்படிப் பேசும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இவ்வளவு கனிவாக. நான் சுவரில் கையை வைத்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயாடி என்று பேரெடுத்தவள். கடைசியில், "நீ பாஸாயிட்டேம்மா," என்றேன் சுவரிடம்.

எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. லூர்துமேரியும் இரண்டு கான்ஸ்டபிள்களும் படியேறி வந்தார்கள். ஜமீலா டியூஷன் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். வரதன் சார் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் காதில் மெஷின் இல்லை. மேலேயும் கீழேயும் தலைகள், சி பிளாக் முழுக்க. துணி கொடுத்து வாங்குகிற எல்லாப் பெண்களும் நின்றார்கள்.

சரண் கதவைத் திறந்தான். முகத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள். "என்ன மேடம், லிஃப்ட் ஏதாவது ரிப்பேரா?" என்று சிரித்தான்.

லூர்து டேப்லெட்டைக் கையில் ஏந்தி, நிமிர்ந்து, திறந்த கதவுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கனிஷ்கா!"

சரணின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது.

"கனிஷ்கா!"

"மேடம், அவ செத்து நாலு மாசம் ஆச்சு. நீங்கதானே வந்து எழுதினீங்க?"

"கனிஷ்கா!"

டேப்லெட்டில் அந்தக் குரல் கேட்டது. "புகார்தாரர் வீட்டில் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்." லூர்துவின் விரல் திரைக்கு மேலே நின்றது. ஆயிரத்துச் சொச்சம் சமாதானம் எழுதிய விரல். அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருடைய விரலும் போன பக்கம்தான்.

"அதான் சொல்றேனே, உள்ள யாரும் இல்ல," என்றான் சரண்.

அப்போது உள்ளே, குளியலறையில், குழாய் திறந்தது.

முதலில் காற்று வெளியேறுகிற கரகரப்பு. பிறகு தண்ணீர். காலி பக்கெட்டில் விழுகிற தண்ணீர். சரண் திரும்பிப் பார்த்தான். அவன் கையிலிருந்த பிரஷ் விழுந்து வாசலில் வெள்ளையாகத் தெறித்தது.

"வால்வு மூடித்தான்மா இருக்கு," என்று என் காதருகே வரதன் சார் முணுமுணுத்தார்.

லூர்து தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவளுக்கு வேறு என்ன கேட்டதோ எனக்குத் தெரியாது, இன்றுவரை அவளிடம் கேட்டதுமில்லை. பிறகு ஒன்றை அழுத்தினாள்.